வயதைக் கூட்டிச் சொன்ன பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி நடத்திய யூதப் படுகொலை பற்றி எழுதப்பட்டவற்றில் மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். எலீ வீசலின் 'இரவு', இம்ரே கெர்தேஸின் 'விதியின்மை', ரூத் க்ளூகரின் தன்வரலாறு. மூன்றையும் எழுதியவர்கள் பிள்ளைப் பருவத்தில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குள் போய் உயிரோடு வெளியே வந்தவர்கள். மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி வருகிறது: முன்பின் தெரியாத ஒரு கைதி அந்தப் பிள்ளையின் காதருகே வந்து, வயதைக் கூட்டிச் சொல் என்கிறார். வீசலின் நாயகன் எலியேசருக்கு 15 வயது, 18 என்று சொல்லச் சொல்கிறார்கள். கெர்தேஸின் நாயகன் ஜூரிக்கு 14, அவன் 16 என்கிறான். க்ளூகருக்கு 12, அவர் 15 என்கிறார். அந்தப் பொய்யால்தான் மூன்று பேரும் அன்றைக்குப் பிழைத்தார்கள்.

இந்த இலக்கியத்துக்குள் போவதற்கு இதைவிடச் சரியான வாசல் இல்லை என்று நினைக்கிறேன். ஏன் அந்தப் பொய் தேவைப்பட்டது என்றால், ஆஷ்விட்ஸில் ரயிலை விட்டு இறங்கியவர்களை அங்கேயே இரண்டாகப் பிரித்தார்கள். வேலைக்கு ஆகக்கூடியவர்கள் ஒரு பக்கம். குழந்தைகள், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நோயாளிகள் இன்னொரு பக்கம், அவர்களுக்கு அன்றைக்கே விஷவாயு. 1944 மே மாத நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, எட்டே வாரத்துக்குள், ஹங்கேரியின் பிடியிலிருந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 4,40,000 யூதர்களை ரயிலேற்றினார்கள், அதில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸுக்கு. வீசலும் கெர்தேஸும் அந்த ஆண்டு அப்படிப் போனவர்கள்தான். ஐரோப்பா முழுக்கக் கொல்லப்பட்ட சுமார் 60 லட்சம் யூதர்களில் 15 லட்சம் வரை குழந்தைகள் என்கிறார்கள்.

அதனால்தான் முகாமைப் பற்றிய புத்தகங்களில் வரும் நாயகர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 வயதுக்காரர்களாக இருக்கிறார்கள். எழுத்தாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த வயது இல்லை அது. அதற்குக் கீழே இருந்தவர்களில் திரும்பி வந்து எழுத அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் கதை வேண்டுமென்றால், காட்டிலும் கிராமத்திலும் மடாலயங்களிலும் ஒளித்து வைக்கப்பட்டவர்களின் எழுத்துக்குத்தான் போக வேண்டும். நாம் வாசிக்கும் குரலின் வயதையே அந்த ரயிலடிதான் முடிவு செய்திருக்கிறது.

சரி, இந்தப் பிள்ளைகளுக்குள் என்ன மாறுகிறது? நம் ஊரில் இதற்கு ஒரு விடை தயாராக இருக்கும்: பட்டால்தான் பக்குவம் வரும், அடிபட்டவன் பிறர் வலியை அறிவான். குறளையும் துணைக்கு அழைப்போம், 'சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு.' ஆனால் அந்தக் குறள் இருப்பது தவம் என்ற அதிகாரத்தில், தானாக விரும்பி நோன்பு ஏற்றவர்களைப் பற்றி. ரயில் பெட்டியில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட 15 வயதுப் பையனுக்கு அது பொருந்தாது. இந்த இலக்கியத்தின் நல்ல நூல்கள் எல்லாம் நம்முடைய அந்த எதிர்பார்ப்பை ஒவ்வொரு விதமாக மறுக்கின்றன. இந்தப் பிள்ளைகள் வளரவில்லை. அந்த இடத்துக்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள், அப்படி மாறியதுதான் அவர்களுக்கு நேர்ந்த காயம். எலும்பு முறிவைப் போல வெளியே தெரிகிற காயம் அல்ல அது, அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த திறமையே பிற்பாடு காயமாக நின்றுவிடுகிறது.

'இரவு' நூலில் இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பாருங்கள். சீகெட் என்ற சின்ன ஊர், தால்முத் என்ற யூதச் சமய நூலைப் படிக்கிற, யூதக் கோயிலில் அழுது தொழுகிற பையன். முகாமுக்கு வந்த முதல் நாளே அவனுடைய அப்பாவுக்கு வயிற்றுவலி. பொறுப்பிலிருந்த ஒரு கைதியிடம் போய், மரியாதையாக, கழிப்பறை எங்கே என்று கேட்கிறார். அந்த ஆள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓங்கி ஓர் அறை விடுகிறான். அவர் கீழே விழுந்து, தவழ்ந்தபடியே தன் இடத்துக்குத் திரும்புகிறார். பையன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நேற்று இது நடந்திருந்தால் பாய்ந்து அவன் சதையைப் பிய்த்திருப்பேனே, அதற்குள் நான் இவ்வளவு மாறிவிட்டேனா என்று அவனுக்குள் கேள்வி எழுகிறது. அப்பா, எனக்கு வலிக்கவில்லை என்கிறார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது.

ஒரே நாள்தான் ஆகியிருக்கிறது. முகாமில் மாதக்கணக்காகப் பசி தின்ற பிறகு வந்த மாற்றம் இல்லை இது. அதிலும் கொடுமை, அவனுக்கே அது தெரிகிறது. தான் மாறுவதைத் தானே பக்கத்தில் நின்று பார்க்கிறான், ஆனால் தடுக்க முடியவில்லை. பிறகு பூனா முகாமில் இதெக் என்ற காப்போ (கைதிகளிலிருந்தே நியமிக்கப்பட்ட மேற்பார்வைக்காரனுக்கு அந்தப் பெயர்) அப்பாவை இரும்புக் கம்பியால் அடிக்கும்போது பையனுக்குக் கோபம் வருகிறது, ஆனால் இதெக் மேல் அல்ல. இவர் ஏன் இதெக்கின் கண்ணில் படாமல் ஒதுங்கிப்போகத் தெரியாமல் இருக்கிறார் என்று அப்பாவின் மேல். முகாம் என்னை இப்படி ஆக்கிவிட்டது என்று வீசல் அந்த இடத்தில் வெளிப்படையாகவே எழுதுகிறார்.

'இரவு' என்றால் உடனே எல்லோரும் கடவுளைப் பற்றிப் பேசுவார்கள். தூக்குமரத்தில் ஒரு சிறுவன் சாகாமல் அரைமணி நேரம் ஊசலாட, கடவுள் எங்கே என்று ஒருவர் கேட்கிற காட்சி எல்லாக் கட்டுரைகளிலும் வரும். முக்கியமான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நூலின் முதுகெலும்பு அப்பா மகன் உறவு என்பதே என் வாசிப்பு. கடவுள் நம்பிக்கை போனதைக்கூட அவன் அப்பாவை வைத்துத்தான் அளக்கிறான். 1945 ஜனவரியில், பனியில், முகாமைக் காலி செய்து கைதிகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எலியாஹூ என்ற ரப்பி (யூத மதகுரு) தன் மகனைத் தேடிக்கொண்டு வருகிறார். மூன்று வருடமாக ஒன்றாகவே இருந்தோம், எங்கேயோ கூட்டத்தில் தவறிவிட்டான் என்கிறார். பார்க்கவில்லையே என்று எலியேசர் சொல்லி அனுப்பிவிடுகிறான். அவர் போன பிறகுதான் அவனுக்கு நினைவு வருகிறது, அந்த மகன் அப்பா பின்தங்குவதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே முன்னால் ஓடினான். பாரத்தை உதறிவிட்டுப் போயிருக்கிறான். அப்போது எலியேசர், தான் நம்பாத கடவுளிடமே ஒரு பிரார்த்தனை செய்கிறான்: எலியாஹூவின் மகன் செய்ததை நான் ஒருநாளும் செய்யாதிருக்கப் பலம் கொடு.

அந்தப் பிரார்த்தனைக்கு என்ன ஆனது என்பதைத்தான் மிச்சப் புத்தகம் சொல்கிறது. புக்கன்வால்ட் முகாமில் அப்பாவுக்குச் சீதபேதி. சாகப்போகிறவருக்கு ரொட்டி கொடுக்காதே, அவர் பங்கையும் சேர்த்து நீயே தின்று பிழைத்துக்கொள் என்று ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் புத்தி சொல்கிறார், ஒரு கணம் அவன் மனம் அது சரிதானே என்று நினைத்துவிட்டு உடனே கூசுகிறது. கடைசி இரவில் அப்பா தண்ணீர் கேட்டுக் கூப்பிடுகிறார், சத்தம் போடாதே என்று அதிகாரி தலையில் அடிக்கிறான், மகன் தனக்கும் அடி விழுமென்ற பயத்தில் அசையவில்லை. அவர் கடைசியாக உச்சரித்தது மகனின் பெயரை. 1945 ஜனவரி 29 விடியற்காலை விழித்துப் பார்த்தால், அந்தப் படுக்கையில் வேறொரு நோயாளி கிடக்கிறார். அவனுக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்பதுதான் வலிக்கிறது. மனசாட்சியின் அடியில் போய்த் தேடினால் அங்கே 'விடுதலை' என்பது போல ஏதாவது கிடைத்திருக்கும் என்று எழுதுகிறார் வீசல்.

இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! உண்மையில் அந்தப் பையன் அப்பாவைக் கைவிடவில்லை. கடைசிவரை பக்கத்திலேயே இருந்தான், தன் தங்கப் பல்லைக்கூட அவருக்கு விழும் அடியை நிறுத்துவதற்காகத்தான் கொடுத்தான், துருப்பிடித்த கரண்டியால் நெம்பி எடுத்தார்கள். ஆனாலும் தன்னைப் பற்றி அவனுக்கு மிஞ்சிய அறிவு, நானும் எலியாஹூவின் மகன்தான் என்பது. குற்றம் செய்தவர்கள் யாரோ, குற்ற உணர்வு வந்து உட்கார்ந்தது 16 வயதுப் பிள்ளையின் தலையில்.

இந்த நூலின் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்கும் தெரியாத விஷயம். 1958-இல் பிரெஞ்சில் வந்த வடிவம், மருத்துவமனைக் கண்ணாடியில் ஒரு பிணம் தன்னைப் பார்த்ததாகவும் அந்தப் பார்வை தன்னை விட்டு அகலவே இல்லை என்றும் முடிகிறது. அதற்கு முன் 1956-இல் புவேனோஸ் ஐரிஸில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் வந்த நீண்ட மூல வடிவத்தில் பையன் அந்தக் கண்ணாடியைக் கையால் குத்தி உடைக்கிறான், அதற்குப் பிறகு, பத்து வருடத்தில் உலகம் எல்லாவற்றையும் மறந்துவிட்டதே என்ற ஆத்திரமும் வருகிறது. நவோமி சைட்மன் என்ற ஆய்வாளர் 1996-இல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியபோது பெரிய சர்ச்சையானது. நூல் எதனால் சுருங்கியது, யார் சுருக்கினார்கள் என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். உலகம் ஏற்றுக்கொண்டது பிணமாகிப்போன பிள்ளையைத்தான். அதே பிள்ளைக்குள் கண்ணாடியை உடைக்கிற அளவுக்குக் கோபமும் இருந்தது என்பதைச் சேர்த்து வாசித்தால்தான் எலியேசர் முழுசாகத் தெரிவான்.

கெர்தேஸின் 'விதியின்மை' இதற்கு நேர்மாறான தொனியில் எழுதப்பட்டது, முதன்முறை படிக்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. 1975-இல் ஹங்கேரியில் வெளிவந்தது, அதிகம் கவனிக்கப்படவில்லை, 2002-இல் நோபல் பரிசு கிடைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதன் நாயகன் ஜூரி அலறுவதில்லை. எதைப் பார்த்தாலும் 'இயல்பாகவே' என்ற சொல்லைப் போட்டுக்கொள்கிறான். பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், இயல்பாகவே. வரிசையில் நிற்கவைத்தார்கள், இயல்பாகவே. நல்லபடி வளர்க்கப்பட்ட, பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற, ஒழுங்கை மதிக்கிற பிள்ளை அவன், அந்த ஒழுங்கே அவனை முகாமுக்குள் அழைத்துப் போகிறது.

ஆஷ்விட்ஸில் இறங்கியதும் கோடு போட்ட உடையில் மொட்டைத் தலையர்களைப் பார்த்து, இவர்கள் ஏதோ குற்றவாளிகள் போல என்று நினைக்கிறான். தேர்வு செய்கிற ஜெர்மானிய மருத்துவர் அவனுக்கு நம்பிக்கையூட்டும் முகமுடையவராகத் தெரிகிறார். அப்புறம் வருகிறது அந்த நூலிலேயே என்னை அதிகம் உலுக்கிய இடம்: தேர்வாகி ஓரமாக நிற்கும் ஜூரி, அடுத்தடுத்து வருகிறவர்களை மருத்துவரின் கண்ணாலேயே எடைபோடத் தொடங்குகிறான். இந்த ஆள் ஆரோக்கியமாக இருக்கிறார், ஏற்கலாம். அவர் கிழவர், ஆகமாட்டார். கொலைகாரரின் அளவுகோல் சில நிமிடத்தில் கொல்லப்பட வேண்டியவனின் கைக்கு வந்துவிட்டது, அவனுக்கு அது தெரியவும் இல்லை. எலியேசர் தன் மாற்றத்தைக் கண்டு துடிக்கிறான், ஜூரியோ அதைக் கவனிப்பதேயில்லை, கவனிக்கிற வேலை வாசகர் தலையில் விழுகிறது. அதனால் இது வாசிக்க இன்னும் கடினமான புத்தகம்.

உடம்பைப் பற்றி இவர் எழுதுவதுபோல வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஸைட்ஸ் என்ற சின்ன முகாமில் பந்தி சிட்ரோம் என்ற மூத்த நண்பன், தினமும் முகம் கழுவு, ரொட்டியை ஒரே வேளையில் தின்றுவிடாமல் பங்குபோட்டு வை என்று பிழைக்கும் வழிகளைக் கற்றுத் தருகிறான். கொஞ்ச நாள் அது நடக்கிறது. பிறகு உடம்பு கைவிடுகிறது. தன் தோல் சுருங்கிக் கிழடாவதை ஜூரி ஒவ்வொரு நாளும் ஏதோ வேறொருவருடைய உடம்பைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். இடுப்புப் புண்ணில் பேன்கள் மொய்க்கின்றன. தட்டித் தட்டிப் பார்க்கிறான், முடியவில்லை, பிறகு விட்டுவிடுகிறான், அவற்றின் பசியும் அவனுக்குப் புரிகிறது. அதற்கப்புறம் பிணமாகாத பிணங்களோடு வண்டியில் புக்கன்வால்டுக்கு வந்து கிடக்கும்போது எங்கிருந்தோ சூப்பின் வாசனை போல ஒன்று வருகிறது, இந்த அழகான வதைமுகாமில் இன்னும் கொஞ்ச நாள் வாழ ஆசையாக இருக்கிறது என்று நினைக்கிறான். 'அழகான வதைமுகாம்' என்ற சேர்க்கையைக் கண்டு பலருக்குக் கோபமே வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பையனுக்கு வேறு உலகம் மிச்சமில்லை, ஆசைப்படுவதென்றால் அதைத்தான் ஆசைப்பட முடியும். அவனுக்கு என்ன நடந்தது என்பதை எந்தக் கதறலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

ஊர் திரும்பியதும் டிக்கெட் இல்லாமல் டிராமில் ஏறுகிறான், நடத்துநர் கேட்கிறார். ஒரு பத்திரிகையாளர் காசு கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுக்கிறார். ஊருக்கு வந்ததும் என்ன உணர்ந்தாய்? வெறுப்பு. யார் மேல்? எல்லோர் மேலும். முகாம் நரகம்தானே என்று அவர் கேட்க, நரகம் எனக்குத் தெரியாது, முகாம்தான் தெரியும் என்கிறான். வீட்டுக்குப் போனால் அப்பா மவுத்ஹவுசன் முகாமில் செத்துவிட்டார், சிற்றன்னை வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். பக்கத்து வீட்டுக் கிழவர்கள் இரண்டு பேர், நடந்த பயங்கரத்தை மறந்துவிட்டுப் புதுசாக வாழத் தொடங்கு என்கிறார்கள். அங்கேதான் அந்த அமைதியான பிள்ளை முதன்முறையாக வெடிக்கிறான். 'வந்தது, நடந்தது' என்கிறீர்களே, எதுவும் தானாக வரவில்லை, நாம் எல்லோரும் அடி அடியாக எடுத்து வைத்துத்தான் அங்கே போனோம், நானும் என் அடிகளை எடுத்து வைத்தேன் என்கிறான். கிழவர்களுக்கு இது தங்களையே குற்றம் சொல்வதாகப் படுகிறது. அவன் கேட்பதோ வேறு: அந்த ஒரு வருடத்தை என்னிடமிருந்து பிடுங்காதீர்கள், பாவம் என்று சொல்லி அதை வெறும் விபத்தாக்கிவிடாதீர்கள், அதுவும் என் வாழ்க்கை. முகாமிலும் சந்தோஷம் போன்ற ஒன்று இருந்தது, அடுத்த தடவை யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிக்கிறான்.

திரும்பி வந்த பிறகு நடப்பதும் காயத்தின் ஒரு பகுதி என்பதை இலக்கியம் சொன்னபோதே மருத்துவமும் கண்டுகொண்டது. ஹான்ஸ் கெய்ல்சன், இவரும் நாவலாசிரியர், ஒளிந்து பிழைத்த யூதர், மனநல மருத்துவர். நெதர்லாந்தில் பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டார். அவர் கணக்கில் காயம் மூன்று கட்டம்: ஆக்கிரமிப்பின் தொடக்கக் காலம், வேட்டையாடப்பட்ட காலம், போருக்குப் பிந்தைய காலம். இரண்டாவது கட்டத்தில் குறைவாகப் பட்டு மூன்றாவதில் மோசமான சூழலில் மாட்டிய பிள்ளைகளைவிட, இரண்டாவதில் அதிகம் பட்டும் மூன்றாவதில் நல்ல கவனிப்புக் கிடைத்த பிள்ளைகள் பிற்காலத்தில் மேலாக இருந்தார்கள் என்று கண்டார். ஜூரியைச் சுற்றி உட்கார்ந்து மறந்துவிடு என்று சொன்ன கிழவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

க்ளூகருக்கு வருவோம். வியன்னாவில் 1931-இல் பிறந்தவர், அடைபட்டது தெரேசியன்ஸ்டாட் முகாம், ஆஷ்விட்ஸ், அப்புறம் ஒரு கட்டாய உழைப்பு முகாம். எல்லா இடத்திலும் அம்மா கூடவே. இந்த அம்மா நாம் எதிர்பார்க்கும் தியாகத் தாய் அல்ல. ஆஷ்விட்ஸின் முதல் இரவிலேயே, வா, இரண்டு பேரும் மின்கம்பி வேலியில் போய் விழுந்துவிடலாம் என்று 12 வயது மகளிடம் சொல்கிறார். மகள் மறுக்கிறாள், அந்த வார்த்தையை வாழ்நாள் முழுக்க மன்னிக்கவும் முடியவில்லை. அதே அம்மாதான், தேர்வில் தள்ளப்பட்ட மகளை இன்னொரு வரிசையில் மறுபடி போய் நில் என்று பிடிவாதமாகத் துரத்தினார். அதே அம்மாதான் அநாதையான இன்னொரு பெண்ணைத் தன் மகளாகச் சேர்த்துக்கொண்டார். நல்லதும் கெட்டதும் ஒரே ஆளிடம், தீர்ப்பு எதுவும் இல்லாமல்.

அந்த இரண்டாவது வரிசையில் எழுத்து வேலை பார்த்த இளம் பெண் கைதி ஒருத்தி, 15 என்று சொல் என்று மெதுவாகச் சொல்கிறாள். இவள் ரொம்பச் சின்னவளாக இருக்கிறாளே என்று அதிகாரி சந்தேகப்பட்டதும், காலைப் பாருங்கள், உறுதியானவள் என்று அவளே துணைக்கும் வருகிறாள். எதையும் எதிர்பார்க்காமல், தன் உயிரைப் பணயம் வைத்து, ஒரு அந்நியப் பிள்ளைக்காக. க்ளூகர் இதை விளக்க முயல்வதில்லை, விளக்கவே முடியாத ஒரு சுதந்திரச் செயல் என்று வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் அதையே சுற்றிச் சுற்றி யோசிக்கிறார்.

இவரைத்தான் ஒருமுறை ஜெர்மனியில் ஆய்வு மாணவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார்: ஆஷ்விட்ஸிலிருந்து தப்பிய ஒரு கிழவர் அரேபியர்களைத் திட்டுவதைக் கேட்டேன், அங்கே இருந்துவிட்டு வந்தவர் எப்படி இப்படிப் பேசலாம்? க்ளூகருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஷ்விட்ஸ் எதையும் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் இல்லை, அதிலும் மனிதநேயத்தையும் சகிப்புத்தன்மையையும் நிச்சயமாகக் கற்றுத்தரவில்லை என்றார். துன்பப்பட்டவர்கள் நல்லவர்களாகத் திரும்பி வந்து நமக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கிறது. அந்த ஆசைக்கும் அவர்கள் பட்டதற்கும் சம்பந்தமில்லை.

ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளின் கதை வேறு மாதிரி. முகாமில் எண்ணாக்கப்பட்டார்கள் என்றால், இவர்கள் பெயரையும் மொழியையும் தாங்களே மறைக்க வேண்டியிருந்தது. எழுத்தாளர் ஆரோன் அப்பெல்ஃபெல்ட் எட்டு ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்து, முகாமிலிருந்து தப்பி, உக்ரேன் காடுகளிலும் கிராமங்களிலும் தனியாக அலைந்தவர். தன் கதையை நேரடியாக எழுதினால் நினைவு தன்னை இறுக்கிக்கொள்கிறது என்பதால், தன்னைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெண்பிள்ளையைப் படைத்து அவளிடம் கொடுத்தார். அதுதான் 'ட்ஸிலி'. மந்தமானவள் என்று வீட்டாரே ஒதுக்கியவள், அவளை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டு எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். நீ யார் என்று ஊர்க்காரர்கள் கேட்டால், மரியாவின் மகள் என்கிறாள். மரியா அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விலைமகள். அந்தப் பெயர் அவளுக்கு அடியையும் வாங்கித் தருகிறது, உயிரையும் காக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக்கின் தன்வரலாற்றில் காயம் இன்னும் விசித்திரமான இடத்தில் இருக்கிறது. பாரிஸ் ரயில் நிலையத்தில் அம்மா அவரை வழியனுப்பியதுதான் கடைசிச் சந்திப்பு, அப்போது தன் கை கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது என்று அவருக்கு நினைவு. அப்படி எதுவும் இல்லை என்கிறார் அத்தை. கையில் இல்லாத முறிவை நினைவு தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறது. அம்மா 1943 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் இந்த வரிசையில் அவர் நாட்குறிப்புக்குத் தனி இடம். 1944 ஆகஸ்ட் 1-இல் அது நின்றுவிடுகிறது, 4-ஆம் தேதி பிடித்துவிட்டார்கள். அடைபட்டிருந்த இரண்டு வருடத்தில் அந்தப் பெண் உண்மையாகவே வளர்கிறார், எழுத்தாளராகிறார், பழைய பக்கங்களைத் திருத்தி எழுதுகிறார். அதை வளர்ச்சிக் கதையாக வாசிக்க முடிவதற்குக் காரணம், முகாம் அதற்குள் இல்லை. மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று இன்னும் நம்புகிறேன் என்ற வாக்கியத்தைச் சுவரொட்டிகளில் போடுகிறோம். 1944 ஜூலை 15-இல் எழுதிய அதே பதிவில், உலகம் பாலைவனமாகிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன், நம்மையும் அழிக்கப்போகும் இடியோசை நெருங்குவது கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார், 15 வயது.

களங்கமில்லாத பிள்ளை வேண்டும் என்ற நம் ஏக்கம் மோசமான புத்தகங்களையும் வெற்றி பெறச் செய்திருக்கிறது. ஜான் பாய்னின் 'கோடு போட்ட பைஜாமா' நாவலில் ஒன்பது வயது யூதச் சிறுவன் முகாம் வேலி ஓரமாக உட்கார்ந்து அதிகாரியின் மகனோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறான். அந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள். இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020-இல் சொன்னது. அதிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து அழுதவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதில் இரண்டு பிள்ளைகளுமே கடைசிவரை மாறுவதில்லை, பசியும் பயமும் குணத்தைத் தொடாத ஓர் உலகம் அது. 1995-இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் வந்து பரிசுகள் வாங்கிய குழந்தைப்பருவ நினைவுநூலோ முழுக்கப் புனைவு என்று சில ஆண்டுகளில் நிரூபணமானது, எழுதியவர் போரின்போது ஸ்விட்சர்லாந்திலேயே இருந்தவர்.

உண்மையாகவே பட்டவர்கள் எழுத எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள். வீசலுக்கு 11 வருடம். கெர்தேஸுக்கு 30. க்ளூகருக்கு 47. அதனால் இந்த நூல்களில் பேசுவது 15 வயதுப் பிள்ளை மட்டும் இல்லை, அந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டே பல வருடம் நடந்த ஒருவரும் சேர்ந்து பேசுகிறார். முதன்முறை படிப்பவர்கள் 'இரவு'-இல் தொடங்கலாம், சிறிய நூல், ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து கெர்தேஸ். எங்கே பிள்ளையின் கண் பார்க்கிறது, எங்கே பெரியவரின் அறிவு உள்ளே வருகிறது என்று கவனித்துக்கொண்டே போனால், இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தானாக விளங்கும். வகுப்பில் நடத்துகிற ஆசிரியர்கள் தயவுசெய்து, இதிலிருந்து நாயகன் என்ன கற்றுக்கொண்டான் என்ற கேள்வியை மட்டும் தேர்வில் கேட்க வேண்டாம். அவன் எதை இழந்தான், எதைப் பழகிக்கொண்டான், திரும்பி வந்த பிறகு யார் அவன் பேச்சைக் கேட்டார்கள் என்று கேளுங்கள்.

க்ளூகர் அந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்ததே ஒரு விபத்துக்குப் பிறகுதான். 1988-இல் கோட்டிங்கன் நகரில் சைக்கிளில் வந்த ஒரு பையன் அவர்மேல் மோதினான், தலையில் பலமான அடி. எதிரே வேகமாக வந்த அந்தச் சைக்கிளைப் பார்த்த நொடியில், இவன் என்னைத் துரத்துகிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியது, அப்போது அவருக்கு 57 வயது, பேராசிரியர். ஜெர்மன் மொழியில் 1992-இல் வந்த நூல் அம்மாவைப் பெரிதும் புண்படுத்திவிட்டது. ஆங்கில வடிவத்தை, அம்மா உயிரோடு இருக்கும்வரை வெளியிடாமல் வைத்திருந்து, அவர் இறந்த பிறகு 2001-இல்தான் கொண்டுவந்தார்.